வெளித்தாழ்

கல்லறைத் திருநாளன்று பொழுது அடைந்து, பண்டகசாலைத் தெருவில் சோறு தின்ற தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு இரும்போடு உரசிக்கொண்டு நகர்ந்து, வளையத்துக்குள் நுழைந்து, குழியில் போய் விழுகிற சத்தம். முதலில் தெருமுனை வீட்டில், பிறகு அதற்கடுத்த வீட்டில், பிறகு எதிர்வரிசையில், அவசரமே இல்லாத ஒருவர் ஒரு வாசலையும் விட்டுவிடக் கூடாது என்ற கவனத்தோடு நடந்துபோவதைப் போல அது நெருங்கி நெருங்கி வந்து, சலேத்மேரியின் வாசலில் நின்று, விழுந்து, அடுத்த வீட்டுக்குப் போயிற்று. சலேத்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை.

அவள் புருஷன் பெனடிக்ட், மாதக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும், இன்னும் நடை பழகாத ரீத்தாளும் மட்டும். நாய்க்கும் ஊசிக்கும் இடிச்சத்தத்துக்கும் ஆபீசில் கையெழுத்துக் கேட்கிறவர்களுக்கும் பயப்படுகிற சலேத்து, பூட்டிய கதவுக்கு மட்டும் அன்றைக்குப் பயப்படவில்லை. கான்வென்ட் போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே ஜெபம் முடிந்ததும் சிஸ்டர் படுக்கையறையை வெளியே தாழ் போட்டுவிட்டு, "உங்க பாதுகாப்புக்குத்தான் பிள்ளைகளா" என்று கதவிடுக்கு வழியாகச் சொல்லிவிட்டுப் போவார். யாரோ நல்லது நினைத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு அவள் பிள்ளையை அணைத்துப் படுத்தாள். தெருவில் அந்த இரவு நன்றாகத் தூங்கியது அவள் ஒருத்திதான்.

விடியற்காலையில் அடுத்த தெருவிலிருந்து பால் கொண்டுவந்தவர்தான் பார்த்தார். தெரு முழுக்க ஒவ்வொரு கதவிலும் வெளிப்பக்கம் முழங்கை நீளத்துக்கு ஒரு பழைய இரும்புத் தாழ். யாரும் வாங்கியதில்லை, யாரும் அடித்ததில்லை. உள்ளேயிருந்து ஆறு பேர் சேர்ந்து முட்டினாலும் அசையாத தாழ், வெளியே நின்று ஒரு விரலால் தள்ளினால் விலகியது. உச்சி வெயில் ஏறியதும் தாழையே காணோம், மரத்தில் துருக்கறை மட்டும் இருந்தது. மறுபடி பொழுது அடைந்ததும் மறுபடி தாழ். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

அந்தத் தெருவுக்குப் பண்டகசாலைத் தெரு என்று பெயர் வந்தது, வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில் அங்கே இருந்த பண்டகசாலையால். அதில் துணி இருந்தது, மிளகு இருந்தது, பஞ்சம் வந்த வருஷங்களில் மனிதர்கள் இருந்தார்கள். கஞ்சிக்குத் தங்களை விற்றவர்கள், கஞ்சிக்காகப் பெற்றவர்களால் விற்கப்பட்டவர்கள், யாரும் விற்காமலே வழியில் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். கப்பல் வரும்வரை அவர்களை உள்ளே தள்ளி வெளியே தாழ் போட்டிருப்பார்கள். கப்பல் வருவதற்குள் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே மணலில் புதைத்துவிடுவார்கள். மதிலுக்கு உள்ளே கம்பெனிக்காரர்கள், அவர்களுக்குப் பிறகு ஊரின் நல்ல குடும்பங்கள். மதிலுக்கு வெளியே பண்டகசாலையில் செத்தவர்கள், அவர்களுக்குப் பிறகு, இன்றைக்கு வரைக்கும், பண்டகசாலைத் தெருக்காரர்கள். எல்லோரும் ஒரே கோயிலில் ஒரே அப்பத்தை வாங்குகிறவர்கள்தான். மண் மட்டும் வேறு.

இதையெல்லாம் ஊர் மறந்துதான் இருந்தது. இந்த வருஷம் அந்த மதிலுக்கு வெளியே கோயில் கல்யாண மண்டபத்தின் கக்கூசுக்குக் குழி தோண்டியபோது எலும்பு வந்தது. தோண்டத் தோண்ட வந்தது. வேடிக்கை பார்க்கப் போன சலேத்து, பால்பல் விழாத ஒரு சின்னத் தாடையைக் கூலியாள் மண்வெட்டியில் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்தாள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப்பேரவை கூடியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தொபியாஸ் தலைமையில் நினைவிடக் குழு அமைந்தது.

மதிலோடு ஒட்டி ஒரு கல் அறை கட்டினார்கள். எலும்புகளைப் பெட்டியில் போட்டு உள்ளே வைத்தார்கள். 'விடுதலை காணாமல் இறந்த அடிமைகளின் ஆன்மா இளைப்பாறுவதாக' என்று சின்ன எழுத்திலும், அதற்குக் கீழே உபயதாரர்களின் பெயர்களைப் பெரிய எழுத்திலும் வெட்டினார்கள். முதல் பெயர் தொபியாஸ் சாரின் குடும்பம். அந்தக் குடும்பத்தின் முன்னோர்கள்தான் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த தரகர்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அறைக்குக் கதவு வேண்டுமே என்ற பேச்சு வந்தபோது தொபியாஸ் சார் எழுந்து, பண்டகசாலையை இடித்த காலத்தில் அதன் கதவைத் தன் தாத்தாவின் தாத்தா எடுத்துவந்து வீட்டுக் கொல்லையில் போட்டு வைத்திருப்பதாகவும், இத்தனை தலைமுறையாகியும் ஒரு செல் அரிக்காத தேக்கு என்றும், அதையே காணிக்கையாகத் தருவதாகவும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். உட்பக்கம் தாழ்ப்பாளே இல்லாத, வெளிப்பக்கம் முழங்கை நீள இரும்புத் தாழ் வைத்த அந்தக் கதவுக்கு வார்னிஷ் அடித்து மாட்டி, கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து முடித்ததும், தொபியாஸ் சார் தன் கையாலேயே தாழைத் தள்ளி, பூட்டையும் போட்டு, சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள்.

தெரு பழகிக்கொண்டது. எதற்குத்தான் அது பழகவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே உலை இறக்கினார்கள். வீட்டுக்கு வீடு மூலையில் ஒரு வாளி வந்தது. இருட்டுவதற்குள் வந்து சேராத ஆம்பளைகள் தாழுக்குப் பயந்து தெருப் பக்கமே வராமல் கடற்கரையில் படகு மறைவில் படுத்துக்கொண்டார்கள். சாகக் கிடந்த கிழவர் ஒருவருக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று, பட்டப்பகலில் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து வாளியைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். சலேத்துக்கு அடுத்த வீட்டுச் சூசையம்மாள், மீன் விற்கிறவள், ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கப் பேசுவாள்.

"ஏண்டி சலேத்து, படிச்சவளே, என்னாடி பண்றே?"

"பிள்ளைக்குச் சோறு ஊட்றேன்க்கா."

"என் வீட்டுக்காரர இருவது வருசமா சாயங்காலம் வீட்ல பாத்ததில்லடி. இப்பதான் பாக்குறேன். இந்த மூஞ்சியப் பாக்குறதுக்குச் சாராயக்கடைக்கே அனுப்பி வச்சிருக்கலாம்."

தெரு சிரித்தது. பூட்டிய வீடுகளுக்குள்ளிருந்து ஒரு தெரு முழுக்கச் சிரிப்பது எப்படியிருக்கும் என்று மற்றத் தெருக்காரர்கள் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர் பழகிக்கொண்ட விதம் வேறு. ஸ்டேஷனில், ராத்திரி ரோந்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்று நிம்மதியானார்கள். கல்யாணத் தரகர்கள், அந்தத் தெருப் பெண் என்றால் நம்பி எடுக்கலாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்றார் டீச்சர். குடி குறைந்திருக்கிறது, அடக்கம் வந்திருக்கிறது, ஆண்டவர் எந்த வடிவத்திலும் வருவார் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். "உங்க தெருவுக்குத்தானே, ஒரு வழியில நல்லதுதானே" என்று மளிகைக்கடையில், தண்ணீர்க்குழாயில், கோயில் வாசலில், அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். சொன்னவர்கள் யார் வீட்டிலும் தாழ் விழவில்லை.

கதவைத் திறக்கிற வேலை இறால் கம்பெனி மேஸ்திரி சவரியிடம் போய்ச் சேர்ந்தது. யாரும் கொடுக்கவில்லை, அதுவாகப் போயிற்று. தெருவில் பாதிப் பெண்கள் கம்பெனியில் இறால் உரிக்கிறவர்கள். அவர்களை ஏற்ற விடியுமுன் வேனோடு வருகிறவன் அவன். வந்தவன் திறந்துவிட்டான். நல்ல மனுசன் என்றார்கள். முதலில் கம்பெனிக்கு வருகிறவர்களின் கதவுகளைத் திறந்தான், மற்றக் கதவுகளைப் பிறகு. அப்புறம், மற்றவற்றை வேன் போன பிறகு யாராவது திறந்துகொள்ளட்டும் என்று விட்டான். அப்புறம் முதல் நாள் வேலைக்கு வராதவர்களின் கதவைத் தாண்டிப் போக ஆரம்பித்தான். மற்றவர்கள் திறக்கக் கூடாது, திறந்தால் நாளைக்கு உன் கதவு என்றான்.

ரீத்தாளுக்குக் காய்ச்சல் என்று சலேத்து ஒரு நாள் போகவில்லை. மறுநாள் காலையில் வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

"நேத்து ஏன் வரல?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் மேஸ்திரி."

"சரி, அப்ப பிள்ளையோடயே இரு."

செருப்பு அடுத்த வாசலுக்குப் போயிற்று. உச்சி வெயில் வந்து தாழ் தானாக மறைகிறவரை அவள் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது சூசையம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குப் போயிருடி" என்று மட்டும் சொன்னாள். தெருவே அதைத்தான் சொன்னது. இதைத்தான் சலேத்தால் பொறுக்க முடியவில்லை. தாழ் போட்டது யாரென்று தெரியாது. ஆனால் திறக்காமல் போனவனைத் தெரியும், போயிரு என்று சொன்னவளைத் தெரியும், பயந்துகொண்டு மறுநாள் வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்த தன்னையும் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு ராத்திரி ரீத்தாளுக்கு ஜன்னி கண்டது. கண் மேலே சொருகி, பல் கிட்டி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஆஸ்பத்திரி கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறது. சலேத்து கதவை இடித்தாள். ஜன்னலில் கத்தினாள். சூசையம்மாள் கத்தினாள், அவள் புருஷன் கத்தினார், அந்தப் பக்கம் கத்தினார்கள், எதிர்வரிசை கத்தியது, தெருவிலுள்ள எல்லாக் கதவுகளும் உள்ளேயிருந்து இடிபட்டன. பக்கத்துத் தெருவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். சூசையம்மாள் ஜன்னல் வழியாகவே, "தலைய ஒருக்களிச்சுப் போடுடி, வாயில எதையும் திணிக்காத, ஈரத்துணியால தொடைச்சு விடு, நான் இங்கதான் இருக்கேன், நான் எங்கடி போவப்போறேன்" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். இழுப்பு நின்றது. பிள்ளை மூச்சு விட்டது. நிற்காமல் போயிருக்கலாம். அடுத்த தடவை நிற்காமலும் போகலாம். ஆஸ்பத்திரியில் மறுநாள் டாக்டர், "மறுபடி வரும்மா, வந்தா உடனே தூக்கிட்டு வந்துடணும், லேட் பண்ணக் கூடாது" என்றார். எப்படி வருவது என்று அவள் கேட்டாள். "அதான் உங்க தெருப் பிரச்சினை ஒண்ணு இருக்குல்ல" என்றார் அவர், மாத்திரை எழுதிக்கொண்டே.

பிள்ளை பிழைத்ததற்கு ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்று சலேத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மதிலுக்கு வெளியே அவள் மாமனார் குழி நினைவிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. திரியைக் கொளுத்திவிட்டு நிமிர்ந்தவள் அந்தக் கதவைப் பார்த்தாள். தாழைப் பார்த்தாள். ராத்திரி தவறாமல் தன் வாசலில் முளைக்கிற அதே தாழ், அதே முழங்கை நீளம். பக்கச் சுவரில் காற்றுக்கென்று விட்ட ஒரு கம்பி ஜன்னல். அதன் வழியாக எட்டிப் பார்த்தாள். அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத வார்னிஷ், உட்பக்கம் மட்டும், உரிந்து கிடந்தது. ஆள் உயரத்தில் உரிந்திருந்தது. இடுப்பு உயரத்தில் உரிந்திருந்தது. இன்னும் கீழே, ரீத்தாள் சுவரைப் பிடித்து நின்றால் அவள் கை எட்டுகிற உயரத்திலும் உரிந்திருந்தது. சலேத்து தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ராத்திரி இடித்த இடத்தில் தோல் போய்ச் சிவந்திருந்தது.

பயந்தவள்தான். ஆனால் அன்றைக்குப் பயம் போய் நின்ற இடத்தில் வேறொன்று எழுந்து நின்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தொபியாஸ் சார் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, பெனடிக்ட் கடல்லேர்ந்து வந்துட்டானா?"

"வரல சார். நினைவிடத்துச் சாவி வேணும்."

"எதுக்கு?"

"அந்த வெளித்தாழக் கழட்டிட்டு, உட்பக்கம் ஒரு தாழ்ப்பா வைக்கணும்."

அவர் பேப்பரை மடித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில், "அது அந்தக் காலத்துப் பொருள்மா. ஒரிஜினல். அதக் கழட்டினா அந்தக் கதவுக்கே மதிப்பில்ல" என்றார்.

"அதப் போட்டதுலேர்ந்துதான் சார் எங்களுக்கு விழுது."

"தாழ் விழறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? சரி, உட்பக்கம் தாழ்ப்பா வச்சா யாரும்மா போடுவா? உள்ளே யார் இருக்கா? எலும்புதானே இருக்கு."

"யாரும் இல்லேன்னா வெளியில பூட்டு யாருக்குப் போட்டீங்க சார்?"

அவள் நிறுத்தவில்லை. "உசிரோட இருக்கையில வெளியில தாழ் போட்டீங்க. செத்தப்புறம் மதிலுக்கு வெளியில போட்டீங்க. இப்ப மரியாதை பண்றோம்னு எடுத்து, அதே கதவுக்குப் பின்னாடி வச்சு, அதே தாழப் போட்டு, உங்க பேர மேல எழுதிக்கிட்டீங்க. அதுங்க கதவு திறக்காம எங்க கதவு திறக்காது. எம்புள்ள சாவும் சார்."

"உன் புருஷன் வரட்டும், நான் அவன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார் அவர், பேப்பரை மறுபடி விரித்து.

அவள் கடைத்தெருவுக்குப் போய் ஹார்ட்வேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் கேட்டாள்.

"வாசலுக்கா, கக்கூசுக்கா?" என்றார் கடைக்காரர்.

"உள்ளேர்ந்து போட்டா வெளியில எவனும் திறக்க முடியாத மாதிரி ஒண்ணு."

"அப்ப வாசலுக்கு" என்று அவர் பித்தளையில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். திருகாணிகளையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜெபமாலை முடிந்து ஊர் முழுக்கக் கோயிலை விட்டு இறங்குகிற நேரத்தில், சலேத்து ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் கடப்பாரையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். தனியாகத்தான் புறப்பட்டாள். தெருமுனையில் சூசையம்மாள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்கடி போற?" என்றாள். சலேத்து சொன்னாள். சூசையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"கொண்டா, புள்ளைய நான் வச்சிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு, "கடப்பாரையப் புடிக்கிற அழகப் பாரு, கான்வென்ட்ல இதக்கூடவா சொல்லிக் குடுக்கல" என்று பின்னாலேயே வந்தாள். இறால் உரிக்கிற பெண்கள் வந்தார்கள். ஆம்பளைகள் கொஞ்சம் தள்ளி வந்தார்கள். வாளியைக் குறை சொன்ன கிழவரும் ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்.

பூட்டு இரண்டாவது அடியிலேயே தெறித்தது. தாழ்தான் வரவில்லை. மரத்துக்குள் எத்தனை காலமாகவோ வேர் விட்டதுபோல இருந்தது. பெண்கள் ஆள் மாற்றி ஆள் நெம்பினார்கள். நெம்பி நெம்பி, கடைசியில் ஒரு துண்டு தேக்கையும் பிய்த்துக்கொண்டு அது மணலில் விழுந்தது. விழுந்த இடத்தில் மணல் துரு நிறமாயிற்று.

இனி உட்பக்கம் தாழ்ப்பாள் வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். எல்லோரும் சலேத்தைப் பார்த்தார்கள். அவள் உள்ளே போனாள். ஈர மண் வாசனை. பெட்டி சுவரோரமாக இருந்தது. அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டுவதா, கதவுக்கு முதுகைக் காட்டுவதா என்று தெரியாமல் கொஞ்சம் திணறி, கதவைப் பார்த்து உட்கார்ந்து, திருகாணிகளை வாயில் கடித்துக்கொண்டு, முடுக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் ஒரு திருகாணி கோணலாக இறங்கிவிட்டது. கழற்றி மறுபடி வைக்க நேரமில்லை. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது.

தொபியாஸ் சார் வந்துவிட்டார். கூடவே மேஸ்திரி சவரி, பேரவைக்காரர்கள். "கோயில் சொத்த உடைக்கிறீங்களா? போலீசக் கூப்பிடவா?" என்றார் சார். சவரி கதவுக்கு நேராக வந்து, "உள்ளேயே கிடக்கட்டும் அவ, ஒரு ராத்திரி இருந்தா புத்தி வரும்" என்று கதவை இழுத்துச் சாத்தப் போனான். சூசையம்மாள் இடுப்பில் பிள்ளையோடு கதவுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நாளைக்கு உன் கதவு" என்றான் சவரி.

"திறக்காதடா. நாளைக்கு உன் வேனுக்கு யாரு வர்றான்னு பாக்குறேன்" என்றாள் அவள். அவளுக்குப் பின்னால் இறால் உரிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். சவரி கையை எடுத்தான்.

சலேத்து வெளியே வந்தாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பொழுது அடைந்துகொண்டிருந்தது. வழக்கமாகச் சத்தம் கேட்கிற நேரம் வந்து, தெருக்காரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் தெரு இருக்கிற பக்கம் காதைக் கொடுத்தார்கள். அங்கே கடல் மட்டும் இரைந்தது. திறந்து போட்டுவிட்டு வந்த கதவுகள் காற்றில் ஆடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"ஒரு நினைவிடத்தப் பூட்டாம விட முடியாது" என்றார் தொபியாஸ் சார். பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தார். மாட்டுவதற்கு வளையம் இல்லை என்பதைக் கண்டு, சங்கிலி கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் சாத்தியாவது வைப்போம் என்று கதவின் விளிம்பில் கை வைத்தார். கதவு அவர் கையை விட்டு நழுவியது. காற்று அப்போது நின்றிருந்தது. அது பதமாக, அவர் விரல் நசுங்கிவிடாமல், தன்பாட்டுக்குப் போய்ச் சாத்திக்கொண்டது. திறந்து பார்க்க அவர் தள்ளினார். இரண்டு விரல்கடை திறந்தது. மறுபடி தள்ளினார். உள்ளேயிருந்து யாரோ ஒருவர் அல்ல, நிறையப் பேர், சின்னக் கைகளும் பெரிய கைகளுமாகச் சேர்ந்து தள்ளுவதுபோல அது திரும்பி வந்து நிலையில் பொருந்தியது.

"யாரு உள்ளே?" என்றார் தொபியாஸ் சார்.

சலேத்து கோணலாக முடுக்கிய திருகாணியில் கொஞ்சம் தட்டுப்பட்டு நின்று, அப்புறம் மெல்ல நகர்ந்து, உள்ளேயிருந்து தாழ் விழுந்தது.